மனக்கோயிலும் வாசகரும்: பூசலார் புராணத்தின் எச்சங்களும் அவற்றை நிரப்பியோரும்

ஆய்வுச்சுருக்கம்

பனுவலில் சொல்லப்படாத இடங்களை வாசகர் நிரப்பிக்கொள்கின்றார் என்பது வாசக எதிர்வினைக் கோட்பாட்டின் அடிப்படை. திருநின்றவூர்ப் பூசலார் வரலாறு சுந்தரரிடம் ஒரு பெயராகவும், நம்பியாண்டார் நம்பியிடம் ஒரு பாடலாகவும், சேக்கிழாரிடம் ஒரு புராணமாகவும், அதன்பின் ஒரு கற்கோயிலாகவும் இதயநோயாளரின் வழிபாடாகவும் வளர்ந்துள்ளது. இவ்வளர்ச்சியை வாசிப்புகளின் தொடராகக் கொண்டு, எல்லா நிரப்புதல்களும் ஒரே தகுதியுடையன அல்ல என்பதையும், அவற்றை வேறுபடுத்தும் அளவை மூலப்பாடத்திலேயே உண்டு என்பதையும், வகுப்பறை வாசிப்புக்கு இவ்வேறுபாடு இன்றியமையாதது என்பதையும் இக்கட்டுரை எடுத்துரைக்கின்றது.

திறவுச்சொற்கள்: பூசலார், பெரியபுராணம், எச்சம், வாசக எதிர்வினை, ஏற்பு, நயம் பாராட்டல், நந்தனார்.

முன்னுரை

சென்னையிலிருந்து அரக்கோணம் செல்லும் இருப்புப்பாதையில் ஆவடியைக் கடந்தபின் இந்துக் கல்லூரி, பட்டாபிராம், நெமிலிச்சேரி, திருநின்றவூர் என நிலையங்கள் அடுத்தடுத்து வருகின்றன. அம்பத்தூர்த் தொழிற்பேட்டையையும் ஆவடியின் படைக்கலத் தொழிற்சாலைகளையும் சார்ந்து பல மாவட்டங்களிலிருந்தும் பிற மாநிலங்களிலிருந்தும் வந்து குடியேறியோர் வாழும் பகுதி இது. வண்டலூர் – மீஞ்சூர் வெளிவட்டச் சாலை நெமிலிச்சேரி வழியே செல்லத் தொடங்கியபின் குடியிருப்புகள் மேலும் பெருகின. நெமிலிச்சேரியில் வாழும் மாணவர் ஒருவர் பூசலார் வரலாற்றை வகுப்பில் படித்துவிட்டு அடுத்த நிலையத்தில் இறங்கினால், பூசலாரின் திருவுருவமுள்ள இருதயாலீசுவரர் கோயிலுக்கே சென்றுவிடலாம். பாடமும் பாடத்தின் களமும் இவ்வளவு அணுக்கமாக அமைவது அரிது.

ஆயினும், வகுப்பில் அம்மாணவர் படித்த பூசலாரும் கோயிலில் அவர் காணும் பூசலாரும் ஒருவரல்லர். பாடத்தில் உள்ள பூசலார் கல்லால் ஒரு கோயிலும் எழுப்பாதவர், எழுப்ப இயலாதவர். கோயிலிலோ கல்லும் சுதையும் விமானமும் கண்முன் நிற்கின்றன. அங்கு வருவோருள் பலர் இதயநோய் நீங்க வேண்டி வருபவர்கள். நோயைப் பற்றிச் சேக்கிழார் ஒரு சொல்லும் கூறவில்லை. இவ்வேறுபாட்டை மக்களின் அறியாமை என்று ஒதுக்குவது எளிது. நம்பிக்கை என்று வணங்கி விலகுவதும் எளிது. இரண்டுமே வாசிப்பு என்னும் செயலை ஆராயாமல் விடுவன.

எச்சமும் இடைவெளியும்

தொல்காப்பியச் செய்யுளியல் செய்யுளின் உறுப்புகளாக முப்பத்துநான்கினை எண்ணுகின்றது. அவற்றுள் கேட்போர், எச்சம், மெய்ப்பாடு ஆகியனவும் அடங்கும். கேட்போர் என்னும் உறுப்பைக் கண்டவுடன் தொல்காப்பியர் வாசகரைப் பேசுகின்றார் என்று முடிவுகட்டுவது பொருந்தாது. அது பாடலுக்குள் ஒருவர் கூற்றைக் கேட்கும் பாங்கன், தோழி முதலியோரையே குறிக்கின்றது. பாடலுக்கு வெளியே உள்ளவருக்கு இடம் தரும் உறுப்பு எச்சமே. சொல்லாலோ குறிப்பாலோ பிறிதொன்றைக் கூட்டி முடிக்குமாறு பாட்டு எஞ்சி நிற்பது எச்சம் எனின், முடிப்பவர் ஒருவர் வேண்டும், அவரே வாசகர்.

கான்ஸ்டன்ஸ் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த வோல்ஃப்காங் ஈசர் 1976இல் வெளியிட்ட, வாசிப்புச் செயல் பற்றிய தம் நூலில், பனுவலின் இடைவெளிகளே வாசகரைச் செயற்படத் தூண்டுகின்றன என்றார். எச்சமும் ஈசரின் இடைவெளியும் ஒன்றே என நிறுவுவது தேவையற்ற பெருமிதம். எச்சம் பெரும்பாலும் ஒரு பாட்டின் தொடர்ப்பொருளை நிறைவு செய்வது. ஈசரின் இடைவெளி நெடிய கதையின் போக்கில் வாசகர் தம் எதிர்பார்ப்பை மாற்றிக்கொண்டே செல்லும் இடம். இரண்டுக்கும் பொதுவாக உள்ள கருத்து ஒன்றே: நிரப்புதற்குரிய இடத்தைப் பனுவலே அமைக்கின்றது. இடத்தை அமைக்கும் பனுவல் அவ்விடத்தின் அளவையும் வரையறுக்கின்றதா என்பதில்தான் கோட்பாட்டாளர் பிரிகின்றனர்.

அமெரிக்கத் திறனாய்வாளர் ஸ்டான்லி ஃபிஷ் இவ்வினாவுக்கு இல்லை என்றே விடை கூறினார். 1971இல் தம் வகுப்பறைக் கரும்பலகையில் முந்தைய வகுப்புக்காக எழுதப்பட்டிருந்த மொழியியலாளர் சிலரின் பெயர்ப்பட்டியலை, அடுத்து வந்த மாணவரிடம் ஒரு சமயக் கவிதை எனக் கூறி விளக்கச் சொன்னதாகவும், பதினேழாம் நூற்றாண்டு ஆங்கிலச் சமயக் கவிதை பயின்ற அம்மாணவர் ஒவ்வொரு பெயருக்கும் ஞானப்பொருள் கண்டதாகவும் அவர் 1980இல் வெளிவந்த தம் நூலில் எழுதினார். பொருளைத் தருவது பட்டியலன்று, அதனை வாசிக்கும் பொருள்கோள் சமூகமே என்பது அவர் துணிபு. பெயர்ப்பட்டியல் ஒன்று சமயக் கவிதையாக வாசிக்கப்படுவது தமிழ் வாசகருக்குப் புதுமையன்று. அத்தகைய பட்டியல் ஒன்றின்மேல் எழுந்ததே பெரியபுராணம்.

பட்டியலிலிருந்து புராணம்

சுந்தரரின் திருத்தொண்டத்தொகை பதினொரு பாடல்களில் அடியார் பெயர்களை அடுக்கிச் செல்வது. அதில் பூசலாருக்கு உரிய இடம் ஓரடியினும் குறைவு. ஊர் நின்றவூர், மறையோதும் நாவினர், பெயர் பூசல். இவ்வளவே. அவர் கோயில் கட்டினார் என்றோ, கட்ட எண்ணினார் என்றோ சுந்தரர் குறிக்கவில்லை. எனவே திருத்தொண்டத்தொகையை மட்டும் வாசிக்கும் ஒருவருக்குப் பூசலார் வேதம் வல்ல ஓர் அந்தணர். அவர் ஏன் அடியார் வரிசையில் வைக்கப்பட்டார் என்பதே முதல் எச்சம்.

நம்பியாண்டார் நம்பியின் திருத்தொண்டர் திருவந்தாதி இவ்வெச்சத்தை ஒரு பாடலால் நிரப்புகின்றது. சிவபெருமானுக்கு ஒரு கோயிலை விரைந்து எடுப்பது எந்நாளோ என ஏங்கிக் கண்துயிலாது இரவுதோறும் மனத்திலேயே நினைந்து அருள்பெற்றவர் என்பது அப்பாடலின் செய்தி. இதனை நின்று வாசித்தல் வேண்டும். நம்பி காட்டும் பூசலார் ஏங்குகின்றார், துயிலாதிருக்கின்றார், நினைக்கின்றார். கட்டுமானத்தின் படிநிலைகள் அங்கு இல்லை, அரசன் இல்லை, கனவு இல்லை. நான்கடிப் பாடலில் இடமின்மையால் நம்பி அவற்றை விடுத்தார் எனவும் கொள்ளலாம். அந்தாதி யாப்பு அவ்வளவே தாங்கும். ஆயினும் இடம் குறுகியபோது எதனை அவர் தக்கவைத்தார் என்பது அவருடைய வாசிப்பைக் காட்டும். அவர் தக்கவைத்தது உறக்கமற்ற இரவை.

ஃபிஷ் கூறிய வகுப்பறைக்கும் இம்மரபுக்கும் உள்ள வேறுபாடு இங்கே புலனாகின்றது. கரும்பலகைப் பட்டியல் கவிதையாக எழுதப்பட்டதன்று. மாணவரின் விளக்கத்தை மறுக்க அதனிடம் எதுவுமில்லை. தொகையோ பாட்டாகவே பாடப்பட்டது. ஊரையும் அடைமொழியையும் கொடுத்து, பின்வந்தோர் எதைக் கூறினும் இவ்விரண்டுக்கும் பொருந்தக் கூறல் வேண்டும் என்று அது கட்டுப்படுத்துகின்றது. நம்பியும் சேக்கிழாரும் நின்றவூரை மாற்றவில்லை. மறையோர் குலத்தையும் மாற்றவில்லை. பொருள்கோள் சமூகம் வலியதுதான். ஆனால் அது வெற்றிடத்தில் எழுதவில்லை.

சேக்கிழாரின் நிரப்புதல்

மேற்குப் புறநகர்ப் பகுதியின் மற்றோர் ஊரான குன்றத்தூரில் தோன்றிய சேக்கிழார், பன்னிரண்டாம் நூற்றாண்டில் இரண்டாம் குலோத்துங்கன் காலத்தில் பெரியபுராணம் பாடினார் என்பர். அந்நூல் எழுந்த காரணமாகச் சேக்கிழார் புராணம் கூறும் செய்தியும் வாசிப்பைப் பற்றியதே. சோழமன்னன் சீவக சிந்தாமணியை விரும்பிக் கேட்க, அமைச்சர் அவ்விருப்பத்தை மாற்றக் கருதி அடியார் வரலாறுகளை எடுத்துரைத்தார் என்கின்றது அது. வரலாற்று உண்மை எவ்வாறாயினும், ஒரு நூலின் பிறப்பை ஒரு வாசகரின் சுவையோடு இணைத்து எண்ணிய மரபு தமிழில் இருந்தது என்பதற்கு இது சான்று.

நம்பி 'நினைந்து' என்ற ஒரு சொல்லில் அடக்கியதைச் சேக்கிழார் ஒரு கட்டடப் பணியாக விரிக்கின்றார். பூசலார் முதலில் உண்மையான கோயிலையே எடுக்க விழைகின்றார். பொருள் தேடி எங்கும் வருந்தி அலைகின்றார், சிறிதும் கிட்டவில்லை. அதன்பின்னரே நினைப்பினால் எடுக்கத் துணிகின்றார். இங்கே சேக்கிழாரின் நுட்பம் ஒன்று பெரும்பாலான கதைச்சுருக்கங்களில் விடுபட்டுப் போகின்றது. மனத்தில் கட்டுபவருக்குப் பொருள் ஒரு தடையன்று. நினைத்த அளவில் பொற்குவையை எண்ணிக்கொள்ளலாம். பூசலார் அவ்வாறு செய்யவில்லை. மனத்திலும் அவர் தினையளவு முதலாகச் சிறிது சிறிதாகவே நிதியைத் தேடித் திரட்டுகின்றார். கருவிகளையும் தச்சரையும் சேர்க்கின்றார். ஆகம முறைப்படி நல்ல நாள் பார்த்துப் பணி தொடங்குகின்றார். உபானம் முதலாக அடுக்குகளை அமைத்து, சிகரத்தைக் குறித்த முழ அளவில் முடித்து, தூபி நட்டு, சுதை பூசி, கிணறு எடுத்து, மதில் சூழ்ந்து, குளமும் தோண்டுகின்றார். இவை நெடுநாள் நிகழ்கின்றன. இறுதியாகத் தாபிக்க நாள் குறிக்கின்றார்.

கற்பனை கட்டற்றது என்னும் பொதுக்கருத்துக்கு இப்பகுதி நேர்மாறானது. கல்லில் கட்டுவோருக்குரிய ஒழுங்கு அனைத்தையும் மனத்தில் கட்டுபவரும் மேற்கொள்கின்றார். காண்பார் ஒருவருமில்லாத பணியில் முழக்கோலைத் தவறவிடாமையே அவருடைய தொண்டு எனச் சேக்கிழார் வாசித்திருக்கின்றார். நம்பியின் துயிலாமையை அவர் கைவிடவில்லை. அவ்விரவுகளில் என்ன நிகழ்ந்தது என்று வினவி விடை கூறியுள்ளார். முன்னைப் பனுவல் விட்ட இடத்தை, அப்பனுவலின் சொற்களோடு முரணாமல், அவற்றுக்கு மேலும் பொருளேற்றும் வகையில் நிரப்பியதற்குத் தமிழில் இதனினும் தெளிவான எடுத்துக்காட்டுகள் மிகச் சிலவே.

அடுத்து அரசன் வருகின்றான். காடவர் கோமான் கச்சியில் கற்றளி எடுத்துத் தாபிக்க நாள் குறித்திருக்கின்றான். முன்னாள் இரவில் இறைவன் கனவில் தோன்றி, நின்றவூர்ப் பூசல் நெடுநாள் நினைந்து செய்த ஆலயத்தில் நாளை புகுவோம், நீ உன் செயலைப் பின்னர் வைத்துக்கொள் என்று கூறுகின்றான். மன்னன் நின்றவூர் வந்து பூசலார் அமைத்த கோயில் எங்குள்ளது என வினவுகின்றான்; அப்படி ஒன்று இல்லை என்கின்றனர் ஊரார். மறையோரை அழைத்துப் பூசலார் யார் எனக் கேட்க, குற்றமற்ற வேதியர், இவ்வூரினர் என்கின்றனர். அவரை அழைத்துவர இசையாத மன்னன் தானே அவரிடம் செல்கின்றான்.

கதை சொல்வோர் பலர் இவ்விடத்தில் ஊராரைப் பூசலாரை எள்ளி நகையாடுவோராக ஆக்கிவிடுகின்றனர். சேக்கிழாரிடம் ஏளனம் இல்லை. ஊரார்க்குப் பூசலாரைத் தெரியும், அவரை மதிக்கின்றனர், கோயிலைத்தான் தெரியாது. ஏளனத்தைச் சேர்த்தவுடன் கதை எளிதாகின்றது: எள்ளியோர் நாணுவர், எள்ளப்பட்டவர் உயர்வர். சேக்கிழாரின் அமைதியோ வேறொன்றை உணர்த்துகின்றது. நன்மதிப்புடைய அண்டை வீட்டாரின் அகவாழ்வும் நமக்கு முற்றிலும் புலப்படாதது என்பதே அது. ஏளனத்தைச் சேர்ப்பது இடைவெளியை நிரப்புவதன்று, மூடுவது.

மன்னன் கோயிலைப் பற்றிக் கேட்டதும் பூசலார் மருள்கின்றார். பொருளின்மையால் மனத்தால் கட்டியதை எடுத்துரைக்கின்றார். வியந்த மன்னன் நிலத்தில் வீழ்ந்து வணங்கித் தானையோடு தன் ஊர் திரும்புகின்றான். பூசலார் குறித்த பொழுதில் மனக்கோயிலில் இறைவனைத் தாபித்துப் பலநாள் பூசனை செய்து திருவடி அடைகின்றார். மன்னன் அவ்வூரில் ஒரு கற்கோயில் எடுத்ததாகப் புராணத்தில் இல்லை. பொருளில்லாதவர் முன் பொருளுள்ளவன் வந்து நிற்கும்போது, அவன் பொருளை வழங்குவான் என்று எதிர்பார்ப்பது எந்த வாசகருக்கும் இயல்பு. சேக்கிழார் அவ்வெதிர்பார்ப்பை எழுப்பி, நிறைவேற்றாமல் விடுகின்றார். மன்னன் வெறுங்கையோடு வந்து வெறுங்கையோடு மீளவில்லைதான். ஆனால் அவன் பெற்றுச் சென்றானேயன்றிக் கொடுத்துச் செல்லவில்லை.

கல்வெட்டும் கோயிலும்

வரலாற்றாய்வாளர் இம்மன்னனைக் கச்சிக் கைலாசநாதர் கோயிலை எடுத்த இராசசிம்ம பல்லவனோடு இயைத்துக் கண்டனர். அக்கோயிலின் வடமொழிக் கல்வெட்டு, முன்னை யுகத்து அரசர் கேட்ட வானொலியை இம்மன்னன் கலியுகத்திலும் கேட்டது வியப்பு என்னும் கருத்தைத் தருகின்றது. கல்வெட்டில் பூசலார் பெயர் இல்லை. அரசன் வானொலி கேட்டான் என்பதை அரசனின் பெருமையாகக் கல்வெட்டு பேச, அதே வகைச் செய்தியைப் புராணம் அரசன் தன் நாளை விட்டுக்கொடுத்த செய்தியாகப் பேசுகின்றது. இரண்டும் ஒரே நிகழ்வைச் சுட்டுகின்றன என்பது ஒரு கருதுகோளே. ஆயினும் கைலாசநாதர் கோயிலின் முன் நின்று பெரியபுராணத்தை நினைப்பவருக்கு அக்கற்றளி ஒருநாள் பிந்திய கோயிலாகத் தோன்றும். ஒரு பனுவல் ஒரு கட்டடத்தைப் பார்க்கும் முறையையே மாற்றிவிடுகின்றது.

திருநின்றவூரில் நிகழ்ந்தது இதன் மறுதலை. அங்கே பனுவலிலிருந்து கட்டடம் எழுந்தது. இருதயாலீசுவரர் கோயிலின் கருவறையில் இலிங்கத்தோடு பூசலாரின் உருவமும் உள்ளது. மன்னனே பின்னர் இக்கோயிலை எடுத்தான் என்னும் செவிவழிச் செய்தி ஊர்ப்பெருமையாக வழங்குகின்றது. சேக்கிழார் நிறைவேற்றாமல் விட்ட எதிர்பார்ப்பை ஊர் நிறைவேற்றிக்கொண்டது. மனத்தில் மட்டுமே கோயில் இருந்த ஊரில் கண்ணால் காண ஒரு கோயில் வேண்டும் என்னும் விழைவு எளிதில் விளங்கக்கூடியது. பூசலாரும் முதலில் விழைந்தது அதனையே அல்லவா?

இதயநோய் வழிபாட்டின் வழி வேறு. அது ஒரு சொல்லின் வழி வந்தது. சேக்கிழார் இப்புராணத்தில் மிகுதியும் ஆள்பவை நினைப்பு, மனம், சிந்தை என்னும் சொற்கள். இறைவனின் பெயரிலோ இருதயம் என்னும் வடசொல் அமர்ந்தது. அச்சொல் மனத்தையும் குறிக்கும், குருதியைச் செலுத்தும் உறுப்பையும் குறிக்கும். மருத்துவமனையும் நோயறிக்கையும் அன்றாட வாழ்வில் நுழைந்த காலத்தில் இரண்டாம் பொருள் முந்திக்கொண்டது. சேக்கிழார் 'சிந்தை' என்று கூறியதோடு நின்றிருந்தால் அறுவைச் சிகிச்சைக்கு முன்னாள் ஒருவர் இக்கோயிலுக்கு வந்திருக்கமாட்டார். இவ்வாசிப்பைப் பிழை எனத் திருத்த முற்படும் ஆய்வாளர் ஒன்றை எண்ணுதல் வேண்டும். பொருளில்லாது செய்வதறியாமல் நைந்த ஒருவரின் கதையை, செய்வதறியாமல் நைந்து நிற்கும் மற்றொருவர் தமதாக்கிக்கொள்கின்றார். சொற்பொருள் விலகியிருக்கின்றது, நிலைப்பொருள் விலகவில்லை. இவ்வழிபாடு ஏளனக் கதையினும் மூலத்துக்கு அணித்தானது எனலாம்.

இதே ஊரின் வைணவ வாசிப்பு ஊர்ப்பெயரிலேயே தொடங்குகின்றது. திருமகள் வந்து நின்ற ஊர் என்பது பத்தவற்சலப் பெருமாள் கோயில் வழங்கும் விளக்கம். ஒரு பெயரிலும் இருவேறு வாசக மரபுகள் தத்தம் எச்சங்களைக் கண்டுகொள்கின்றன.

வகுப்பறையில் பூசலார்

அமெரிக்கக் கல்வியாளர் லூயிஸ் ரோசன்பிளாட் 1938 முதலே, பாட்டு என்பது தாளில் உள்ளதன்று, வாசகர் தாளோடு உறவாடும்போது நிகழ்வது என்று வற்புறுத்தி வந்தார். அதற்கு முன்னரே, 1929இல், கேம்பிரிட்ஜைச் சார்ந்த ஐ.ஏ. ரிச்சர்ட்ஸ் ஆசிரியர் பெயர் நீக்கிய பாடல்களை மாணவருக்குக் கொடுத்து அவர்கள் எழுதியவற்றைத் தொகுத்து வெளியிட்டார். அவர் கண்ட குறைகளுள் ஒன்று முன்கூட்டியே அமைந்த ஆயத்த எதிர்வினை. பாடலைப் படிக்குமுன்பே அதற்குரிய உணர்ச்சி வாசகரிடம் தயாராக இருந்தது.

தமிழ் வகுப்பறையில் இவ்வாயத்த எதிர்வினைக்கு ஒரு வடிவமே உண்டு. அது நயம் பாராட்டல். திரண்ட கருத்து, மையக்கருத்து, மோனை நயம், எதுகை நயம், சந்த நயம், அணி நயம் எனத் தலைப்புகள் வரிசையாக நிற்கின்றன. இவற்றுள் ஒன்றேனும் பாடலில் எது சொல்லப்படவில்லை என்று கேட்பதில்லை. பாராட்டல் என்னும் சொல்லே விடையை முடிவு செய்துவிடுகின்றது. மாணவர் தொடையை எண்ணலாம், பாராட்டாதிருக்க இயலாது. நன்னூலின் பொதுப்பாயிரம் மாணாக்கரை அன்னம், ஆ, மண், கிளி, இல்லிக்குடம், ஆடு, எருமை, நெய்யரி என வகுத்தபோது, சொன்னதைச் சொல்லும் கிளியை இடைத்தரத்தில் வைத்தது. தேர்வுமுறை கிளியை முதலிடத்துக்கு உயர்த்தியிருக்கின்றது.

இதற்கு மாற்றாக, மாணவர் எதைக் கூறினும் ஏற்கலாம் என்னும் நிலையும் பயன் தருவதன்று. வாசகரின் உரிமை என்ற பெயரில் பாடத்தைக் கைவிட்டால், ஊரார் எள்ளினர் என்பதும் மன்னன் கோயில் கட்டினான் என்பதும் சேக்கிழார் கூற்றாகவே மாணவர் ஏட்டில் ஏறிவிடும். ஆறுமுக நாவலர் 1852இல் பெரியபுராணத்தை வசனமாக்கியபோது செய்யுள் பயிலாதோருக்கும் கதை சென்று சேர்ந்தது. அது பெரும் நன்மை. ஆனால் வசனத்தின் வசனமாகவும் சுருக்கத்தின் சுருக்கமாகவும் கதை மேலும் இறங்கும்போது, தினையளவு நிதியும் முழ அளவுச் சிகரமும் முதலில் உதிர்ந்துவிடுகின்றன. எஞ்சுவது உள்ளம் தூயதாயின் போதும் என்னும் அறவுரை. இப்புராணம் அதனை எங்கும் கூறவில்லை. பூசலார்க்கு உள்ளத் தூய்மை மட்டும் போதவில்லை, கிணறும் வேண்டியிருந்தது.

தொகையின் பெயரையும் அந்தாதிப் பாடலையும் புராணத்தையும் ஒரே வகுப்பில் அடுத்தடுத்து வைத்து, ஒவ்வொன்றும் முன்னதன் எவ்வெச்சத்தை நிரப்பியது, எதனை விட்டது, எதனை மாற்றத் துணியவில்லை என மாணவரைக் கேட்பது செய்யக்கூடிய பணியே. மூன்று பனுவல்களும் சேர்ந்து நீளமானவை அல்ல. மூன்று வகுப்புநேரங்களில் முடியும். நெமிலிச்சேரி மாணவருக்கு நான்காம் பனுவலாகக் கோயிலே அருகில் உள்ளது. அங்கு வருவோர் கூறும் கதையைக் கேட்டு எழுதிவந்து சேக்கிழாரோடு ஒப்பிட்டால், வாசிப்பு வரலாற்றை அவர் எந்தக் கோட்பாட்டு நூலின் துணையுமின்றி உணர்வார். இவ்வகைப் பயிற்சிக்கு மதிப்பெண் இடுவது கடினம் என்பது உண்மை. மோனையை எண்ணுவதற்கு மதிப்பெண் இடுவது எளிது என்பதனாலேயே அது இத்தனை காலம் நின்றது.

ஏற்க மறுக்கும் வாசகர்

பாராட்டுவோர் மட்டும் வாசகர் அல்லர். 1943இல் சி.என். அண்ணாதுரை கம்பராமாயணத்தையும் பெரியபுராணத்தையும் எதிர்த்துப் பேச, சென்னைச் சட்டக் கல்லூரியில் ரா.பி. சேதுப்பிள்ளையும் சேலத்தில் நாவலர் சோமசுந்தர பாரதியாரும் அவற்றைக் காத்துப் பேசினர். அவ்வுரைகள் 'தீ பரவட்டும்' என்னும் பெயரில் நூலாயின. நூல்களைக் கொளுத்த வேண்டும் என்னும் முடிவை ஏற்காதவரும், அச்சொற்போரில் இரு தரப்பினரும் அந்நூல்களை உயிருள்ளனவாகக் கருதினர் என்பதை ஒப்புவர். தமிழ் வகுப்பறை அம்மறுப்பைப் பெரும்பாலும் அரசியல் வரலாற்றில் சேர்த்துவிட்டு, இலக்கிய வாசிப்பில் அதற்கு இடம் தருவதில்லை. பல சாதியினரும் பல சமயத்தவரும் ஒரே பலகையில் அமரும் புறநகர் வகுப்பில் பெரியபுராணத்தைக் கற்பிப்போர் அதற்கு இடம் தராமல் இருக்க இயலாது.

மறுப்பும் நிரப்புதலாக வடிவெடுக்கலாம். சேக்கிழாரின் திருநாளைப்போவார் புராணத்தில் நந்தனாருக்குக் கொடுமை செய்யும் அந்தண நிலக்கிழார் எவருமில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார் தம் நந்தனார் சரித்திரக் கீர்த்தனையில் அப்பாத்திரத்தைப் படைத்தார். சேக்கிழார் நந்தனாரின் தயக்கத்தை அவருள்ளேயே வைத்தார். பாரதியார் அத்தயக்கத்துக்கு வெளியே ஒரு காரணரைக் காட்டினார். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை இலக்கணப் பிழைகளைக் கருதிச் சிறப்புப்பாயிரம் தரத் தயங்கியதையும், பாரதியார் பாடக் கேட்டு மனம் உருகிப் பின் தந்ததையும் உ.வே. சாமிநாதையர் பதிவு செய்துள்ளார். கண்ணால் வாசித்தபோது மறுத்தவர் காதால் கேட்டபோது ஏற்றார். ஒரே வாசகரிடமும் எதிர்வினை ஒன்றாக நிற்பதில்லை.

பாரதியாரின் நிரப்புதல் மூலத்தோடு முரண்படுகின்றது. மேற்கூறிய ஏளனக் கதையும் முரண்படுகின்றது. ஆயினும் இரண்டும் ஒரு தரத்தன அல்ல. ஏளனக் கதை மூலத்தின் வினாவை அவிக்கின்றது. பாரதியாரின் நிலக்கிழார் மூலம் கேட்காத வினாவை எழுப்புகின்றார். அவ்வினா மூலத்துக்குள் கிடந்ததே என்று பின்வந்த வாசகரை மீண்டும் சேக்கிழாரிடம் அனுப்புகின்றார். நிரப்புதல்களை அளக்க இதுவே தக்க அளவை: வாசகரை மூலத்துக்குத் திரும்பச் செய்கின்றதா, திரும்ப வேண்டாதபடி செய்துவிடுகின்றதா?

நாளை என்னும் சொல்

பூசலாரையும் நந்தனாரையும் அடுத்தடுத்து வைத்து வாசிப்பவருக்கு ஒரு சொல் இரண்டிடத்தும் எதிர்ப்படும். தில்லைக்கு நாளைப் போவேன் என்று நாள் கழித்தவர் நந்தனார்; அதனாலேயே அவர் பெயர் திருநாளைப்போவார். பூசலார் புராணத்தில் நாளை என்பவன் இறைவன். நாளை அவர் கோயிலில் புகுவோம் என்கின்றான். ஒருவர் கோயிலுக்குள் செல்ல நாளையை எதிர்நோக்குகின்றார். மற்றவர் கோயிலுக்குள் வர இறைவனே நாளையைக் குறிக்கின்றான். நந்தனார் தில்லை எல்லையில் வலம்வந்து நின்று, கனவில் கட்டளை பெற்று, தீயில் மூழ்கி எழுந்தபின்னரே உள்ளே செல்கின்றார். பூசலாருக்கும் நந்தனாருக்கும் கற்கோயில் எட்டவில்லை. பூசலாரைத் தடுத்தது பொருளின்மை. நந்தனாரைத் தடுத்தது பிறப்பு.

மனக்கோயிலே போதும் என்றால் நந்தனாருக்கு அது ஏன் போதவில்லை என்று ஒரு மாணவர் கேட்கலாம். வகுப்பை நெறிதவறச் செய்யும் வினாவாக அதனைக் கருதுவோர் உண்டு. உண்மையில் அது பெரியபுராணம் முழுவதையும் படித்தவரால் மட்டுமே கேட்க இயலும் வினா. ஒருவர் கட்ட விழைந்தார், மற்றவர் காண விழைந்தார், விழைவு வேறாதலின் அருளும் வேறாயிற்று எனப் பாடத்திலிருந்தே ஒரு விடை கூறலாம். பூசலாரும் மனக்கோயிலை உயர்ந்ததெனத் தேர்ந்தவர் அல்லர், கற்கோயில் கைகூடாமையால் அதனை அடைந்தவர். எனவே மனக்கோயில் போதும் என்னும் முற்கோளையே புராணம் ஏற்கவில்லை எனவும் கூறலாம். இரண்டாம் விடை வலியது. ஆயினும் தீ எஞ்சுகின்றது. பொருளின்மைக்கு இரங்கி அரசனின் நாளை ஒத்திவைத்த இறைவன் பிறப்பின் தடையைத் தீயின் வழியே நீக்கியது ஏன் என்பதற்கு இவ்விரு விடைகளும் போதா. சேக்கிழார் இவ்விரு புராணங்களையும் எங்கும் ஒப்பிடவில்லை. பூசலார் புராணத்தின் இறுதிப் பாடல் மனக்கோயில் எடுத்தவரின் திருவடியைப் போற்றிவிட்டு, பாண்டிமாதேவியாரின் வரலாற்றுக்குத் திரும்பிவிடுகின்றது.